பூனைக்குட்டி நிறத்தில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி

வண்டிகளை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, எங்களுக்காக இந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்த தீயணைப்பு வீரர்களே. நூலகக் குழுவின் தலைவரும், நான் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டவருமான லயனல் அவர்களே. என்னைவிட மூத்தவர்களாக இன்னும் மிச்சமிருக்கும் இரண்டொரு பெரியோர்களே. அந்த நீள மேசையில் மசித்த உருளைக்கிழங்கும் ஆப்பிள் பையும் கொண்டுவந்து வைத்திருக்கும் தாய்மார்களே. அவற்றின் மீதே கண்ணாக இருக்கும் தந்தைமார்களே. முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் எதிரே, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நல்ல நாற்காலியைப் பிடித்துவிடும் என் நாத்தனார் ட்வைலா அவர்களே. டன்னர்ஸ் பெண்ட் ஊராரே, உங்கள் எல்லோருக்கும் ஓர்ஃபா ஹேவர்கேம்பின் வணக்கம்.

லயனல் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். அவர் ஞானஸ்நானத்தன்று அழுத அழுகையையே நான் முக்கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டேன். ஆகவே கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் அடிக்கும் ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அந்தத் தொட்டியின் வயிற்றில் ஒரு படம் வரையப்படும். இந்த ஊரிலிருந்து காப்புரிமை பெற்ற ஒரே ஒரு பொருளின் படம். என் கணவர் எமரி ஹேவர்கேம்ப் கண்டுபிடித்த பொம்மைத் தண்ணீர்த் துப்பாக்கியின் படம். அதற்கு என்ன நிறம் என்பதைத்தான், ஆப்பிள் பை தின்பதற்கு முன்னால், நீங்கள் கை தூக்கிச் சொல்லப்போகிறீர்கள். ஒருமுறை அடித்த வண்ணம் இருபது வருடம் நிற்குமாம். நான் அவ்வளவு நிற்க மாட்டேன். அதனால் இன்று சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுகிறேன்.

சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்தீர்களா? பழைய பொம்மைத் தண்ணீர்த் துப்பாக்கிகளின் காப்புரிமைப் படங்கள். கருப்பு மையில், வெள்ளைத் தாளில், எலும்பும் எலும்புமாகப் படுத்துக் கிடந்தவை. அவற்றை நம் டெஸ்ஸா கணினியில் எடுத்து, ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு ஊதா, ஒன்றுக்கு உள்ளே ததும்பும் தண்ணீர் தெரியும்படி ஒரு கண்ணாடிப் பச்சை என்று, உயிர் ஊட்டி உட்கார வைத்திருக்கிறாள். நடுவில் இருப்பது எமரியின் துப்பாக்கி. வானத்தின் நீலம், விசைக்கு ஆரஞ்சு. பார்த்தால் கையை நீட்டி எடுக்கத் தோன்றுகிறது. டெஸ்ஸா கண்ணு, எழுந்து நில். இவளுக்குக் கை தட்டுங்கள். இன்னும் கொஞ்சம். போதும், உட்கார்.

அழகான படம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அதன் குறை.

ஏன் என்கிறீர்களா? சற்று முன் நம் தலைவர் லயனல் இதே ஒலிபெருக்கியில் என்ன பேசினார்? உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. "இந்த நீலத் துப்பாக்கியப் பாத்ததும் என் சின்ன வயசே திரும்பி வந்துடுச்சு, இதவெச்சுத்தான் எங்க பெரியப்பா பையனத் தொப்பலா நனைச்சேன்" என்று சொன்னார். கண் கூடக் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தார்.

லயனல், அந்தத் துப்பாக்கி பிறக்கவே இல்லையே, ராஜா.

அது அச்சில் வார்க்கப்படவில்லை. அட்டையில் கட்டப்படவில்லை. கடையில் தொங்கவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. எமரி சொந்தக் கையால் தகரத்தில் ஒட்டுப்போட்டுச் செய்த ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் ஆற்று வெள்ளம் எங்கள் கோழிக்கூண்டோடு கொண்டுபோய்விட்டது. நீங்கள் உங்கள் பெரியப்பா மகனை எதைக்கொண்டு நனைத்தீர்களோ, அதை நான் கேட்கப்போவதில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள விஷயம்.

சிரிக்காதீர்கள். நூலகத்தில் இந்த நீலப் படத்தைத் தொங்கவிட்ட நாளிலிருந்து என்னிடம் "எங்க வீட்லயும் இது இருந்துச்சு" என்று சொன்னவர்கள் லயனல் ஒருவர் மட்டுமா? மருந்துக்கடை மேரியன் சொன்னாள். பாதிரியார் சொன்னார், அவர் இந்த ஊரே இல்லை. நிறத்துக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது. வெறும் கோட்டைப் பார்த்தால், இது என்ன என்று கேட்பார்கள். அதே கோட்டுக்கு நீலம் பூசிவிட்டால், இது என்னுடையது என்பார்கள்.

அப்படியானால் அந்தத் துப்பாக்கிக்கு என்னதான் நிறம்? எமரியிடம் நானே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு அடித்தளத்தில், பட்டறை மேசையில் குனிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, இதுக்கு என்ன கலர் நெனச்சிருக்கீங்க?"

"தண்ணி வந்தாப் போதும், ஓர்ஃபா."

தண்ணீர் வந்தது. அதை நான் சாட்சி சொல்வேன். விசையை விட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் பீச்சிக்கொண்டே இருக்கும் துப்பாக்கி அது. உள்ளே ஒரு ரப்பர்ப் பை. அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. நான் துவைத்துக் காயப்போட்ட துணிகளின் மீதுதான் சோதனை நடக்கும். எத்தனை திங்கட்கிழமை அந்தத் துணிகளை இரண்டு முறை காய வைத்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரியும். எமரிக்குத் தெரியாது.

வாஷிங்டனிலிருந்து காப்புரிமை வந்தது. படமும் வந்தது. அந்தப் படங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் இருக்கும். ஒரு மெல்லிய கோடு, அதன் நுனியில் எண். குழலுக்குப் பன்னிரண்டு, பிடிக்குப் பதினான்கு, விசைக்குப் பதினெட்டு, தண்ணீர் அறைக்கு இருபது, மூடிக்கு இருபத்தாறு. கூட வரும் விளக்கத்தில், பன்னிரண்டு என்பது குழல், பதினான்கு என்பது பிடி என்று எழுதியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாக எண் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். அந்த எண்களுக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.

ட்வைலா, மின்விசிறியைப் பார்க்காதே. என்னைப் பார்.

அந்த நேரத்தில் சின்சினாட்டியிலிருந்து ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர், க்ராம்ப் என்று பெயர், வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். தகரத் துப்பாக்கியைக் காட்டலாம், ஆனால் அது எண்ணெய்க் கேனுக்குக் குட்டி பிறந்தது போல் இருந்தது. கடையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட வேண்டாமா? காப்புரிமைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவள் யார் என்று யோசித்தேன். யோசித்திருக்கவே கூடாது. எமரியின் தங்கை, பத்தொன்பது வயது, மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் பெண்கள் சங்கத்தோடு உட்கார்ந்து தினமும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா அழகா கலர் பண்ணிக் குடுடி, வியாழக்கிழமை வேணும்" என்றேன்.

என் வயதொத்த தாய்மார்களே, அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறதா? ஊர் முழுக்க எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் பெட்டிப் பைத்தியம் பிடித்திருந்த குளிர்காலம் அது. அட்டையில் படம் கோடாக இருக்கும், கட்டத்துக்குக் கட்டம் எண் இருக்கும். கூடவே எண் போட்ட குட்டிக் குட்டி வண்ணச் சிமிழ்கள். ஏழு என்றால் ஏழாம் சிமிழ், ஒன்பது என்றால் ஒன்பதாம் சிமிழ். சிந்திக்க வேண்டாம், தயங்க வேண்டாம், தவறவே முடியாது. அப்படித்தான் பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. தேவாலய அடித்தளத்தில் எண் இல்லாத எதற்கும் அந்த வருடம் ஒருத்தியும் வண்ணம் தீட்டவில்லை.

ட்வைலா அப்போது பாதி முடித்து வைத்திருந்தது, கூடைக்குள் மூன்று பூனைக்குட்டிகள்.

புரிந்துவிட்டதா? பின்வரிசையில் மெர்லுக்குப் புரிந்துவிட்டது, தோள் குலுங்குகிறது. தீயணைப்புத் தலைவருக்கே புரிந்துவிட்டதென்றால் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை படம் வந்தது. க்ராம்ப் எங்கள் சமையலறையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். கையில் தொப்பி, முகத்தில் நல்ல எண்ணம். எமரி உறையைப் பிரித்தார். குழலுக்குப் பன்னிரண்டு, அது பூனைக்குட்டியின் மூக்கு, ஆகவே இளஞ்சிவப்பு. பிடிக்குப் பதினான்கு, அது முதுகு, ஆகவே இஞ்சி மஞ்சள். விசைக்குப் பதினெட்டு, அது கண், ஆகவே கண்ணைப் பறிக்கும் பச்சை. தண்ணீர் அறைக்கு இருபது, அது அடிவயிறு, ஆகவே பாலாடை நிறம். உள்ளே மறைந்திருக்கும் ரப்பர்ப் பையைக் காட்டப் புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள் அல்லவா? அதையெல்லாம் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக இழுத்து மீசையாக்கியிருந்தாள். சுத்தமான வேலை. கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு வழியவில்லை.

க்ராம்ப் பார்த்தார். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா ஹேவர்கேம்ப், இது தண்ணி பீச்சுமா, மியாவ்னு கத்துமா?"

அவ்வளவுதான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தகரத் துப்பாக்கியை எமரி எடுத்து நீட்டினார், அவர் வாங்கக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவர் கார் ஆற்றுச்சாலையில் திரும்பும் வரைக்கும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. இப்போதும் கேட்கிறது. அவர் கட்டியிருந்த கழுத்துப்பட்டை நிறம் கூடச் சொல்வேன், புளித்த முட்டைக்கோஸ் நிறம்.

நான் நேரே ட்வைலாவிடம் போனேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"என்ன அண்ணி? நம்பர் போட்டிருந்துச்சு, அந்த நம்பர் கலர் அடிச்சேன்."

"பூனை கலர்ல எவளாச்சும் துப்பாக்கி பாத்திருக்காளாடி?"

"எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா வாஷிங்டன்காரங்களே நம்பர் போட்டு அனுப்பிருக்காங்க, அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

இருங்கள், இன்னும் இருக்கிறது. இருபத்தாறாம் சிமிழ் காய்ந்து போயிருந்ததாம். மூடிக்கு இருபத்தாறு. என்ன செய்தாள் தெரியுமா? தன்னுடைய உதட்டுச்சாயத்தை எடுத்துப் பூசியிருக்கிறாள். அடர் செர்ரிச் சிவப்பு. என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்று சொன்னாளே, அதே உதட்டுச்சாயம்.

என்ன ட்வைலா? சத்தமாகச் சொல், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"எந்தக் கலர்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணி."

கேட்டீர்களா? இத்தனை வருடமாக ஒரே பதில். கேட்டிருக்கலாம் அல்லவா? இரண்டு தெரு தாண்டித்தானே இருந்தேன்?

இனி எமரிக்கு வருகிறேன். க்ராம்ப் போன பிறகு அந்த மனிதர் என்ன செய்தார்? மேசையைக் குத்தினாரா? தங்கையைத் திட்டினாரா? தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? இல்லை, ஊராரே, இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மீச, ஓர்ஃபா, மீசயப் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கோபப்பட மறுத்துவிட்டார். அதனால் இரண்டு பேருடைய கோபத்தையும் நான் ஒருத்தியே பட வேண்டியதாயிற்று.

பட்டேன். குறையில்லாமல் பட்டேன். அந்த வருடம் நன்றி அறிவிப்பு விருந்துக்கு அவள் வந்தபோது, மேசையிலிருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் எண் எழுதி ஒட்டினேன். வான்கோழிக்குப் பன்னிரண்டு, மசித்த உருளைக்கிழங்குக்குப் பதினான்கு, குழம்புக்குப் பதினெட்டு. "நம்பர் இருந்தாத்தானே உனக்குப் புரியும், பாத்துப் போட்டுக்கோ" என்றேன். அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தால், எமரி அந்தப் பக்கத்திலிருந்து, "ட்வைலா, அந்தப் பதினாலக் கொஞ்சம் தள்ளு" என்றார். அவள் தள்ளினாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை எங்கள் வீட்டில் மசித்த உருளைக்கிழங்குக்குப் பதினான்கு என்றுதான் பெயர். பேத்தியின் கணவர் முதல்முறை சாப்பிட வந்தபோது ஒன்றும் புரியாமல் விழித்தார் பாருங்கள், பாவம், சிகாகோக்காரர். நான் ஓங்கிய அடியை என் குடும்பமே பிடுங்கி விளையாட்டாக்கிவிட்டது.

எமரி கடைசியாகப் படுத்த குளிர்காலத்தில், பட்டறையிலிருந்து அந்தப் படத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார். எங்கள் கல்யாணப் படம் அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். ஒரு மத்தியானம் கண் விழித்து, "ஓர்ஃபா, பூனை சாஞ்சிருக்கு பாரு" என்றார். நேராக்கினேன். "இப்ப சரி" என்றார். அது அவருடைய கடைசிச் சொல் என்று நினைத்துக் கைக்குட்டை தேடாதே, மேரியன். கடைசியாக அவர் கேட்டது, கணப்பு அடுப்பின் வடிகட்டியை மாற்றினாயா என்று.

இதோ, இந்தத் தலையணை உறைக்குள் இருப்பது என்ன என்று லயனல் வந்ததிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். டெஸ்ஸா, வா கண்ணு, இந்தப் பக்கம் பிடி. எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்து. அவர் போன பிறகு இதை நான் எரிக்கவில்லை. ஏன் எரிக்க வேண்டும்? சாட்சிக்கு வைத்திருந்தேன். என்றைக்காவது ட்வைலா "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்று சொன்னால் எடுத்து நீட்டுவதற்காக வைத்திருந்தேன். அவள் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. அதுவும் ஒரு வருத்தம்தான்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். மெர்ல், நாற்காலியிலிருந்து விழாதே.

இப்போது கேட்கிறேன், ஊராரே. தொட்டியில் எந்த நிறம்? மெர்லின் கூட்டம் முழுச் சிவப்பு கேட்கிறது. மெர்ல் தன் வீட்டு நாய்க்கூண்டுக்கே தீயணைப்புச் சிவப்பு அடித்தவர், அவரை விட்டுவிடுங்கள். டெஸ்ஸாவின் நீலம் கேட்பவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நீலம் யாருடைய நீலம்? எமரி பார்த்த நீலமா? அவர் தொட்ட நீலமா? க்ராம்ப் வாங்கிப்போய்க் கடை கடையாக விற்றிருந்தால் இருந்திருக்கக்கூடிய நீலம். இருந்திருக்கக்கூடியதைத் தொட்டியில் வரைந்துவிட்டால், பத்து வருடத்தில் இந்த ஊரே "ஆமாம், எங்கள் வீட்டில் இருந்தது" என்று சொல்லும். எமரி ஜெயித்தார் என்று சொல்லும். அவர் ஜெயிக்கவில்லை. அவர் துப்பாக்கி தோற்றது. எங்கள் சமையலறையில், ஒரு வியாழக்கிழமை, காபி ஆறுவதற்குள் தோற்றது. தோற்றதைப் பார்த்து அவர் சிரித்தார். ஜெயித்ததாகப் பொய் சொல்லி அந்தச் சிரிப்பை அழித்துவிடுவதா?

உலகத்தில் அந்தத் துப்பாக்கிக்கு ஒரே ஒரு நிறம்தான் இருந்தது. தவறான நிறம். முட்டாள்தனமான நிறம். பூனை மூக்கும் பூனை வயிறும் இரவல் தராத உதட்டுச்சாயமும் சேர்ந்த நிறம். ஆனால் எமரி ஹேவர்கேம்ப் கண்ணால் கண்ட நிறம் அது ஒன்றுதான். காலையில் கண்டார், மாலையில் கண்டார், கட்டிலில் கிடந்தும் கண்டார். என் கணவருடைய துப்பாக்கி அந்தத் தொட்டியில் ஏறுவதானால், அந்த நிறத்தில் ஏறட்டும். மூக்கு நிறக் குழலோடு ஏறட்டும். கண் நிற விசையோடு ஏறட்டும். மீசை ஒன்றுகூடக் குறையாமல் ஏறட்டும். ஆற்றில் போகும் படகுக்காரன் நிமிர்ந்து பார்த்து, "இந்த ஊர்க்காரங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கட்டும். அவன் கேட்கும் ஒவ்வொரு முறையும் எமரி ஒருமுறை சிரித்ததாக நான் எடுத்துக்கொள்வேன்.

ட்வைலா, அழாதே. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று யார் சொன்னது? மன்னிக்கவில்லை. நீ பால் வாங்கப் போனாலும், தேவாலயத்துக்குப் போனாலும், முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். நிமிர்ந்தால் உன் கைவேலை. மூன்று மாடி உயரத்தில். இத்தனை வருடம் யோசித்து இதைவிட நல்ல தண்டனை எனக்குக் கிடைக்கவில்லை.

என்ன சொல்கிறாள்? டெஸ்ஸா, நீ பக்கத்தில் இருக்கிறாய், கேட்டுச் சொல்.

"அந்த மூடிக்கு அதே சிவப்பு வேணுமாம், பாட்டி. அவங்க கைப்பையில இன்னும் வெச்சிருக்காங்களாம். பெயின்ட்காரங்களுக்குச் சாம்பிள் காட்டலாம்னு கேக்கறாங்க."

பார்த்தீர்களா? தீர்ந்துவிட்டது என்றாளே.

கொண்டுவரச் சொல், கண்ணு. முதலில் என் கையில் கொடுக்கச் சொல். நான் பூசிக்கொண்டுதான் பெயின்ட்காரர்களுக்குத் தருவேன்.

ஐந்து நிமிடம் வாங்கிக்கொண்டு ஒரு குளிர்காலத்தையே எடுத்துக்கொண்ட என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வண்டிகளை வெயிலில் காய விட்ட வீரர்களுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. பூனைக்குக் கை தூக்குகிறவர்கள் இப்போது தூக்கலாம். லயனல், நீங்களும்தான், உங்கள் பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டிருக்கிறார். ட்வைலா, ஒரு கை போதும், இரண்டையும் தூக்காதே. தூக்கியவர்கள் அப்படியே எழுந்து மேசைப் பக்கம் போங்கள். பதினான்கு ஆறிக்கொண்டிருக்கிறது.

வணக்கம்.